பெரியாறணை கண்ட கர்னல் பென்னிகுயிக்

பெரியோர் சரித்திரங்களை மாதம் ஒன்றாக நம் சஞ்சிகையில் வெளியிட்டு வருதல் நேயர்கள் அறிந்ததே. இதுகாறும் புலவர்களும், வள்ளல்களும், அரசியல் தலைவர்களும் இவ்வேட்டில் இடம்பெற்றனர். இம்மாதம் யாம் எடுத்துக்கொண்டது ஓர் எஞ்ஜினீயருடைய வரலாறு. அவர் நம் குலத்தினர் அல்லர். நம் தேசத்தினரும் அல்லர். சுண்ணாம்பையும், சுட்ட மண்ணின் பொடியையும், மணலையும், கல்லையும் கொண்டு தொழில் செய்து, அத்தொழிலால் தென்பாண்டி நாட்டுக் குடிகள் பல இலட்சம் பேருக்கு உழுது உண்ணும் வாழ்வை அளித்தவர். அவர் பெயர் கர்னல் ஜான் பென்னிகுயிக்.

அவரைத் தெரிந்துகொண்டதற்குக் காரணம் இரண்டு. நம் சங்கத்துக் குடும்பங்களுள் மதுரை, தேனிப் பகுதிகளிலிருந்து சென்னைக்கு வந்து பட்டினப்பாக்கத்திலும் சாந்தோமிலும் குடியேறினவை சில உண்டு. அவர்களுடைய முன்னோரின் வயல்கள் பெரியாற்று நீரால் விளைந்தவை. மற்றொன்று, கடலோரத்தில் வீடு கட்டியும் வாங்கியும் பழுதுபார்த்தும் வரும் நம்மவர்கள், கலவை என்பது என்ன, இரும்பு என்பது என்ன என்பவற்றை ஓரளவேனும் அறிந்திருத்தல் அவசியமாகி விட்டது. அவ்விரண்டையும் ஒருங்கே விளக்குதற்குப் பெரியாறணையின் கதையினும் தக்கது வேறொன்று நம் நாட்டில் இல்லையென்றே யாம் கருதுகின்றோம்.

ஜான் பென்னிகுயிக் 1841-ஆம் வருஷம் ஜனவரி 15-ஆம் தேதி பூனா நகரத்தில் பிறந்தார். தந்தையார் பெயரும் ஜான் பென்னிகுயிக் என்பதே. அவர் ஆங்கிலச் சேனையில் பிரிகேடியர் பதவி வகித்தவர். 1849 ஜனவரி 13-ஆம் தேதி பஞ்சாபில் சீக்கியரோடு நடந்த சில்லியன்வாலா யுத்தத்தில் அவர் வீழ்ந்தார். அவருடைய மூத்த குமாரர்களுள் ஒருவரும், பதினேழு பிராயத்தினருமான அலெக்ஸாண்டர், தந்தையின் உடலைக் காத்து நின்று அதே களத்தில் மாண்டார். நம் சரித்திர நாயகருக்கு எட்டாம் பிராயம் நிறைவதற்கு இரண்டு தினங்களே இருந்தன. ஒரே நாளில் தகப்பனையும் தமையனையும் வாளுக்கு ஈந்த குடும்பத்துப் பிள்ளை, தானும் சேனையிலேயே சேர்ந்தது வியப்பன்று. ஆனால் அவர் சேர்ந்தது கட்டுமானம் பயின்ற பிரிவு. இங்கிலாந்தில் செல்ட்டன்ஹாம் கல்லூரியிலும், பின்னர்க் கம்பெனியாரின் அடிஸ்கோம்பு இராணுவப் பாடசாலையிலும் பயின்று, 1858-இல் சென்னை எஞ்ஜினீயர்கள் படையில் உத்தியோகம் பெற்று, 1860-இல் இந்தியாவிற்கு மீண்டு வந்தார். 1868-இல் அபிசீனிய யுத்தத்திற்குச் சென்று திரும்பினார். அதன் பின்னர் அவர் வாழ்நாள் பெரும்பாலும் சென்னை மராமத்து இலாகாவிலேயே கழிந்தது.

இனிப் பெரியாற்றின் கதைக்கு வருவோம். மேற்குத் தொடர்ச்சி மலையின் மேற்புறத்தே தென்மேற்குப் பருவக்காற்று பொழியும் மழை மிகுதி. அம்மழையெல்லாம் பெரியாறாகத் திரண்டு மேற்கே ஓடி அரபிக் கடலிற் கலக்கும். அதே மலையின் கிழக்கே சில நாழிகை வழித் தூரத்தில் கம்பம் பள்ளத்தாக்கும், அதற்கப்பால் மதுரை, இராமநாதபுரச் சீமைகளும் வானத்தை நோக்கியிருக்கும். வைகையில் நீர் வரும் நாளைக் காட்டிலும் மணல் தெரியும் நாளே அதிகம். ஆதலின் மேற்கே வீணாகும் நீரை மலையைக் கடத்திக் கிழக்கே கொணர்தல் கூடுமோ என்ற எண்ணம் பழையது. 18-ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே இராமநாதபுரம் சேதுபதியின் மந்திரியாயிருந்த முத்திருளப்ப பிள்ளை என்பவர் இதனை ஆராய்வித்தார். பொருள் மிகுதியும் வேண்டியதாகலின் கைவிட்டார். இவ்வெண்ணம் முதலில் உதித்தது ஒரு தமிழ் மந்திரியின் உள்ளத்தில் என்பதைப் பலர் மறந்துவிடுகின்றனர், யாம் மறவோம். பின்னர் 1808-இல் கால்டுவெல் என்னும் எஞ்ஜினீயர் பார்வையிட்டு ஆகாது என்றார். 1850-இல் சிறிய அணையொன்று தொடங்கப்பெற்று, காட்டுக் காய்ச்சலுக்கு அஞ்சிய கூலியாட்கள் உயர்ந்த சம்பளம் கேட்டதால் நின்றுபோயிற்று. 1867-இல் ரைவ்ஸ் என்பார் 62 அடி உயரத்தில் மண்ணணை கட்டலாம் என்று திட்டம் வரைந்தார்; அதுவும் காகிதத்தளவில் நின்றது.

இவ்வாறு காகிதங்கள் அலுவலகங்களில் உறங்கிக்கொண்டிருந்த காலையில் தாது வருஷப் பஞ்சம் வந்தது. 1876 முதல் 1878 வரை தென்னாட்டைச் சூறையாடிய அப்பஞ்சத்தில் மாண்டோர் தொகை ஐம்பது இலட்சத்திற்கு மேலென்று கணிப்போர் உண்டு. கஞ்சித்தொட்டிகளின் முன் ஜனங்கள் வரிசையாக நின்றதும், வழியிலேயே வீழ்ந்ததும் நம் பாட்டன்மார் வாயிலாகப் பல குடும்பங்களில் இறங்கி வந்த செய்திகள். பஞ்சம் தீர்ந்தபின் துரைத்தனத்தார் விழித்துக்கொண்டனர். 1882-இல் பெரியாற்றுத் திட்டத்தைப் புதிதாக ஆராய்ந்து வரைபடமும் செலவுக் கணக்கும் தயாரிக்கும்படி பென்னிகுயிக் துரைக்கு உத்தரவு பிறந்தது. அவர் சமர்ப்பித்த திட்டம் 1884-இல் மேலிடத்தாரால் அங்கீகரிக்கப்பட்டது. அணை கட்டவேண்டிய இடம் திருவிதாங்கூர் சமஸ்தானத்தைச் சேர்ந்ததாகலின், 1886 அக்டோபர் 29-ஆம் தேதி சமஸ்தானத்தோடு 999 வருஷக் குத்தகை உடன்படிக்கை ஒன்று எழுதப்பட்டது. 8,000 ஏக்கர் நிலத்திற்கு ஏக்கர் ஒன்றுக்கு ஐந்து ரூபாயாக வருஷம் 40,000 ரூபாய் வாடகை என்பது அதன் முக்கிய நிபந்தனை.

இவ்வணையின் விசேஷத்தை நேயர்கள் ஊன்றி நோக்கவேண்டும். பிற அணைகள் ஆற்றைத் தேக்கி, அந்த ஆற்றின் வழியிலேயே நீரைக் கீழே விடுவன. இதுவோ ஆற்றை மறித்து மேலே உயர்த்தி, அது வந்த வழியையே விடுத்து மலையின் மறுபுறம் இறங்கச் செய்வது. தேக்கடிக்கு அருகில் மலையைக் குடைந்து அமைத்த 5,704 அடி நீளமுள்ள சுரங்கத்தின் வழியே நீர் கிழக்கே பாய்ந்து, சுருளியாற்றை அடைந்து, வைகையிற் சேரும். நீர்மட்டம் 104 அடிக்கு மேல் ஏறினாலன்றிச் சுரங்கத்தினுள் ஒரு துளியும் புகாது. எனவே அடியில் நிற்கும் அவ்வளவு நீரும் பயிருக்கு உதவாமல், மேலுள்ள நீரைத் தாங்கும் பீடமாகவே கிடப்பது. இவ்வளவு உயரத்திற்கு நீரைத் தூக்கி நிறுத்த மண்ணணை போதாது. காட்டாற்று வெள்ளம் ஒருமுறை மேலே வழிந்தோடினால் மண்ணணை கரைந்துவிடும். ஆகவே தன் பாரத்தாலேயே நீரை எதிர்த்து நிற்கும் கனத்த சுவர் வேண்டும் என்று பென்னிகுயிக் துணிந்தார்.

அந்தச் சுவர் அடித்தளத்திலிருந்து ஏறத்தாழ 176 அடி உயரமும், 1,200 அடி நீளமும், உச்சியில் 12 அடி அகலமும், அடியில் ஏறத்தாழ 138 அடி அகலமும் உடையது. இவ்வளவு பெரிய உடலை முழுதும் செதுக்கிய கருங்கல்லால் கட்டுவதாயின், கற்றச்சர் ஆயிரக்கணக்கில் வேண்டும். புலியும் யானையும் உலவும் அக்காட்டில் கற்றச்சரை அத்துணைப் பேராகத் திரட்டி வைப்பது எவ்வாறு? ஆதலின் முன்முகத்தையும் பின்முகத்தையும் கல் அடுக்கிக் கட்டி, நடுவயிற்றைக் காங்கிரீட்டால் நிரப்பும் முறை மேற்கொள்ளப்பட்டது. காங்கிரீட்டு என்றவுடன் இக்காலத்தார் சிமெண்டு மூட்டையை நினைப்பர். அன்று நம் நாட்டில் சிமெண்டு உற்பத்தி இல்லை. இங்கிலாந்தில் ஆஸ்ப்டின் என்பவர் 1824-இல் போர்ட்லாண்டு சிமெண்டுக்கு உரிமை பெற்றிருந்தார். ஆயினும் அது கப்பலேறி வரவேண்டிய விலையுயர்ந்த சரக்கு. இந்தியாவில் முதன்முதல் சிமெண்டு செய்ய முயன்றது நம் சென்னை நகரமே; கடற்சிப்பியைக் கொண்டு 1904-இல் அம்முயற்சி நடந்தது. பெரியாறணை திறந்து அப்பொழுது ஒன்பது வருஷம் ஆகியிருந்தது.

ஆகவே பென்னிகுயிக் கையிலெடுத்தது நம் முன்னோர் கோயிலும் குளமும் கட்டிய சுண்ணாம்பையேயாம். சுண்ணாம்பின் இயல்பைச் சற்று விரித்துச் சொல்லுதல் வேண்டும். சுண்ணக்கல்லைக் காளவாயிலிட்டு ஏறத்தாழ 900 டிகிரி செண்டிகிரேடு வெப்பத்தில் சுட்டால், அதிலுள்ள கரியமிலவாயு நீங்கிக் கற்சுண்ணாம்பு எஞ்சும். நீர் தெளித்தால் அது கொதித்துப் பூத்து மாவாகும். அம்மாவை மணலோடு அரைத்துப் பூசினால், காற்றிலுள்ள கரியமிலவாயுவைச் சிறிது சிறிதாக ஏற்று, மறுபடியும் கல்லாக இறுகும். வீட்டுச் சுவருக்கு இது போதும். ஆனால் 138 அடி தடித்த அணையின் வயிற்றினுள் காற்று எங்ஙனம் நுழையும்? அன்றியும் எந்நேரமும் நீரில் ஊறிக் கிடக்கும் இடத்தில் வெறுஞ் சுண்ணாம்பு இறுகாமல் நொய்ந்து போகும். இக்குறையைத் தீர்ப்பது சுர்க்கி. களிமண்ணைச் சுட்டு நுண்பொடியாக அரைத்ததே சுர்க்கி எனப்படும். சுட்ட மண்ணிலுள்ள சிலிகாச் சத்தும் அலுமினாச் சத்தும், ஈரத்தின் முன்னிலையில் சுண்ணாம்போடு கூடி, காற்றின் உதவியின்றி நீருக்குள்ளேயே கல்லாக இறுகும் புதிய பொருளொன்றைப் பிறப்பிக்கும். உரோமானியர் எரிமலைச் சாம்பலைச் சுண்ணாம்போடு சேர்த்துத் துறைமுகங்கள் கட்டினதும், அவர்களுடைய பாந்தியன் கோயிலின் கவிமாடம் ஏறத்தாழ 1,900 வருஷமாக நிற்பதும் இதே இரகசியத்தால்.

இதில் கவனிக்கத்தக்கது சூட்டின் அளவு. மண்ணை அரைகுறையாகச் சுட்டால் களியின் குணம் மாறாது. நீரில் மீண்டும் குழையும். மிகச் சுட்டால் உருகிக் கண்ணாடித் தன்மை பெற்றுச் சுண்ணாம்போடு கூடும் ஆற்றலை இழக்கும். ஏறத்தாழ 600 முதல் 800 டிகிரிக்குள் சுட்ட மண்ணே சுர்க்கிக்கு உகந்தது. கறுத்து உருகின செங்கல் தட்டினால் கணீரென்று ஒலிக்கும். பார்ப்பதற்கு உறுதியாகவும் தோன்றும். சுர்க்கிக்கு மட்டும் உதவாது. வெப்பமானிகள் கைக்கு எட்டாத அக்காலத்தில், சூளைக்காரனின் கண்ணும், தீயின் நிறமுமே அளவுகோல். வெள்ளைக்கார எஞ்ஜினீயருடைய கணக்கு எத்துணைத் திறமாயினும், காளவாயின் முன் நின்ற பெயரறியாத தொழிலாளியின் கண் பிழைத்திருந்தால் அணை பிழைத்திராது. இதனை எழுதுவதால் பென்னிகுயிக்கின் பெருமை குறையாது என்பது எமது கொள்கை.

1887-இல் வேலை தொடங்கிற்று. தளவாடங்கள் அம்மையநாயக்கனூர் இரயில் நிலையத்தில் இறங்கி, அங்கிருந்து மாட்டு வண்டிகளில் கம்பம் பள்ளத்தாக்கின் கோடி வரை வரவேண்டும். மலையடிவாரத்திலிருந்து சுண்ணக்கல் முதலியவற்றைக் கம்பிவடத்தில் தொங்கவிட்டு மேலே ஏற்றினர். அங்கிருந்து அணை வரை ஆற்றின் வழியே படகுகள் சென்றன. சுரங்கம் குடைவதற்கு அழுத்திய காற்றால் இயங்கும் துளைக்கருவிகள் கொணரப்பட்டன. சென்னைப் பயோனியர் படையின் இரண்டு பட்டாளங்களும், கொச்சியிலிருந்து வந்த போர்த்துக்கீசிய வழித் தச்சர்களும், மதுரைச் சீமையின் கூலியாட்களும் அக்காட்டில் குடியிருந்து உழைத்தனர்.

ஆற்றின் நடுவே அடித்தளம் இடுவதே யாவற்றினும் கடினமான செயலாயிற்று. ஓடும் ஆற்றை ஒருபுறம் ஒதுக்கத் தற்காலிகத் தடுப்பணைகள் கட்டுவர், மழை வரும், ஒரே இரவில் வெள்ளம் அவற்றை வாரிக்கொண்டு போகும், மறுபடியும் கட்டுவர். இவ்வாறு நேர்ந்தது ஒருமுறை அன்று, பன்முறை. வெள்ளத்தோடு காய்ச்சலும் போட்டியிட்டது. மலேரியா மிகும் மாதங்களில் வேலையை நிறுத்தி ஆட்களைக் கீழே அனுப்பினர். அங்ஙனம் செய்தும் நோயால் மாண்டோர் 483 பேர் என்று கணக்கிடப்பட்டுள்ளது. அவர்களை அடக்கம் செய்த இடம் அணைக்கு வடபால் உள்ளது. மதுவிலக்கில் உறுதியுள்ள நம் அங்கத்தினர்கள் எம்மை மன்னிப்பாராக: குளிரிலும் ஈரத்திலும் நின்றோருக்குச் சாராயம் அளந்து கொடுக்கப்பட்டது என்பதும், அது இன்றேல் வேலை நடந்திராதென்று அங்கிருந்த எஞ்ஜினீயர்களே எண்ணினர் என்பதும் சரித்திரத்தில் மறைக்கத்தக்கன அல்ல.

பென்னிகுயிக் துரை தம் மனைவியின் நகைகளையும் இங்கிலாந்தில் உள்ள சொத்தையும் விற்று அணையை முடித்தார் என்று தேனிச் சீமையில் பாமரரும் படித்தவரும் சொல்லக் கேட்கிறோம். இவ்வேலை மராமத்து இலாகாவின் வேலையாகத் துரைத்தனப் பொக்கிஷத்தின் செலவிலேயே நடந்தது. ஆயின் இக்கதை எழுந்தமைக்குக் காரணம் உண்டு. சர்க்கார் உத்தியோகஸ்தர் ஒருவர் தம் கடமையை இத்துணைப் பிடிவாதத்துடன் செய்வது ஜனங்களுக்குப் பழக்கமில்லாத காட்சியாக இருந்தது. சொந்தப் பணத்தைப் போட்டவன் அன்றோ இப்படி உழைப்பான் என்று அவர்கள் நினைத்தனர் போலும். சரித்திரமாக இதனை ஏற்க இயலாது. அன்பின் அளவாக ஏற்கலாம்.

1895 அக்டோபரில் சென்னைக் கவர்னர் வென்லக் பிரபு மதகைத் திறந்து வைத்தார். மேற்கே ஓடிய ஆறு கிழக்கே திரும்பிற்று. பேரணையிலிருந்து பிரியும் பெரியாற்றுப் பிரதானக் கால்வாய் மேலூர் வரை சென்று, மானாவாரிக் காடுகளை நஞ்சையாக்கிற்று. பெரியாறு வைகைப் பாசனத்தால் பயன்பெறும் நிலம் தேனி, திண்டுக்கல், மதுரை, சிவகங்கை, இராமநாதபுரம் ஆகிய ஜில்லாக்களில் ஏறத்தாழ இரண்டு இலட்சம் ஏக்கர் ஆகும். அவ்வருஷமே பென்னிகுயிக்கிற்கு சி.எஸ்.ஐ. பட்டம் கிடைத்தது.

அதன்பின் அவர் சரித்திரம் சுருக்கமே. 1896-இல் இந்திய உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றார். இந்தியாவிற்கு எஞ்ஜினீயர்களைப் பயிற்றுவித்த கூப்பர்ஸ் ஹில் கல்லூரியின் தலைவராகச் சில வருஷம் இருந்தார். 1897-இல் இலண்டன் சிவில் எஞ்ஜினீயர்கள் சங்கத்தில் பெரியாற்றைத் திருப்பிய வரலாற்றைக் கட்டுரையாக வாசித்தார். அவருடன் உழைத்த மக்கென்ஸி என்பவர் 1899-இல் அத்திட்டத்தின் முழு வரலாற்றையும் நூலாக வெளியிட்டார். அதே வருஷம் ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நதி வெள்ளத்தைத் தடுக்கும் வழி கூறுதற்குப் பென்னிகுயிக் அழைக்கப்பட்டுச் சென்றார். அவருக்கு ஐந்து புதல்வியரும் ஒரு புதல்வரும். அப்புதல்வர் பிற்காலத்தில் இங்கிலாந்தில் உயர்நீதிமன்ற நீதிபதியாக விளங்கிய சர் ஜான் பென்னிகுயிக் ஆவர். கர்னல் பென்னிகுயிக் 1911 மார்ச்சு 9-ஆம் தேதி கேம்பர்லியில் காலமானார்.

மனிதர் மறைந்தாலும் அவர் கட்டியது வழக்கில் நிற்கிறது. அதனை விடுத்து இச்சரித்திரத்தை முடித்தல் முறையன்று. 1979 ஆகஸ்டில் குஜராத்தில் மோர்வி நகருக்கு மேலிருந்த மச்சு அணை உடைந்து பல்லாயிரவர் வெள்ளத்தில் மடிந்தனர். அது மண்ணால் ஆகிய அணை. பெரியாறணையோ வேறு வகையினது. ஆயினும் பெரியாற்றின் கீழ்வழியில் வாழும் கேரள ஜனங்களுக்கு அச்சம் பிறந்தது. தன் தலைக்கு மேலே நூறு வருஷச் சுண்ணாம்புச் சுவர் ஒன்று ஏரியைத் தாங்கி நிற்பதை எண்ணி உறக்கம் கெடுவோரை இகழ்தல் தகாது. அவர்களும் குழந்தை குட்டிகளோடு வாழ்வோரே. சுண்ணாம்புக் கலவையிலிருந்து கசியும் நீரோடு சுண்ணாம்பும் சிறிது சிறிதாகக் கரைந்து வெளியேறும் என்பதும் மெய். ஆகவே மத்திய நீர்வள ஆணையத்தார் ஆராய்ந்து, நீர்மட்டத்தை 136 அடிக்கு இறக்கும்படியும், அணையை மூவகையால் உறுதிப்படுத்தும்படியும் கூறினர். உச்சியில் கனத்த காங்கிரீட்டுக் கிரீடம் இடுதல் ஒன்று. உச்சியிலிருந்து அணையின் உடலைத் துளைத்து, அடியிலுள்ள பாறை வரை உருக்கு வடங்களை இறக்கி இறுக்கிக் கட்டுதல் மற்றொன்று. பின்புறத்தே புதிய காங்கிரீட்டுச் சுவரை முட்டாக அணைத்துக் கட்டுதல் மூன்றாவது.

இரண்டாவது முறையை நேயர்கள் நினைந்து பார்க்க. நீர் அணையைப் பின்னோக்கித் தள்ளும்பொழுது, நீர்ப்பக்கத்து அடி மேலெழும்ப முயலும். சுண்ணாம்புக் கலவை அமுக்கத்தைத் தாங்கும், இழுப்பைத் தாங்காது. இழுப்பைத் தாங்குவது உருக்கு. பென்னிகுயிக் சுவரின் பாரத்தையே நம்பினார். அவருக்குப் பின்வந்தோர் அப்பாரத்தோடு உருக்கின் இழுவிசையையும் கூட்டினர். ஆனால் எல்லா உருக்கும் இதற்கு ஆகாது. நம் ஊர்க் கொல்லர் அரிவாளைச் செங்கனலாகக் காய்ச்சி நீரில் தோய்ப்பதும், பின்பு மெல்லச் சூடேற்றிப் பதம் பார்ப்பதும் நாம் கண்டதே. தோய்ச்சல் மிகுந்தால் அரிவாள் கண்ணாடி போல் முறியும்; குறைந்தால் மழுங்கும். உருக்கின் குணம் அதிலுள்ள கரியின் அளவால் மட்டும் அமைவதன்று. எவ்வளவு காய்ச்சி எவ்வளவு விரைவில் குளிர்வித்தோம் என்பதாலும் அமைவது. அழுத்த வடங்களுக்குரிய கம்பியைக் கரி மிகுந்த உருக்கினின்று எடுத்து, ஏறத்தாழ 900 டிகிரிக்குக் காய்ச்சி, ஏறத்தாழ 500 டிகிரிச் சூடுள்ள உருகிய ஈயத்தில் தோய்த்து, பிறகு அச்சுத் துளைகளின் வழியே குளிர்ந்த நிலையில் இழுப்பர். அவ்வாறு செய்த கம்பி, நாம் வீட்டிற்கு இடும் கம்பியைப் போல் மூன்று மடங்கு இழுவையைத் தாங்கும். சுர்க்கிக்கு மண்ணைச் சுட்ட சூட்டின் அளவு எவ்வாறோ, அவ்வாறே இதற்கும்.

இவ்வேலைகளுக்குப் பின்னரும் வழக்கு ஓயவில்லை. உச்சநீதிமன்றம் 2006-இல் நீர்மட்டத்தை 142 அடி வரை உயர்த்தலாமென்றது. பின்னர் அதன் பேரில் அமைந்த உயர்மட்டக் குழு அணையை ஆராய்ந்து, உறுதியாயுள்ளதென 2012-இல் அறிவித்தது. 2014 மே மாதத் தீர்ப்பு 142 அடியை மறுபடியும் உறுதி செய்தது. அவ்வருஷம் நவம்பரில், 35 வருஷங்களுக்குப் பின், நீர் அவ்வளவை எட்டிற்று.

இனி நம் பட்டினப்பாக்கத்தைப் பற்றிச் சில வார்த்தை. அடையாற்று முகத்துவாரத்தில் 1967-இல் கட்டப்பட்டு, 1977-இல் ஆற்று வெள்ளத்தால் முறிந்து, இன்றும் நடுவறுந்து நிற்கும் பாலத்தை நம் பிள்ளைகள் மாலைக் காட்சியாகப் பார்த்து வருகின்றனர். அதைக் காட்டிலும் அருகில் நோக்கவேண்டியது நம் தலைக்கு மேலுள்ள கூரை. இக்கடற்கரையில் பழைய அடுக்கு வீடுகளில் கூரைப் பூச்சு பெயர்ந்து, துருவேறிய கம்பி பல்லிளித்து நிற்பதை வீடுதோறும் காணலாம். கடற்காற்றில் உள்ள உப்பு, காங்கிரீட்டின் நுண்துளைகளின் வழியே புகுந்து கம்பியை அடைகிறது. துருப்பிடித்த இரும்பு தன் பழைய உருவினும் பன்மடங்கு பெருத்து, உள்ளிருந்து காங்கிரீட்டைப் பிளந்து தள்ளுகிறது. பெரியாறணையின் நடுவயிற்றில் ஆதியில் இரும்பு இன்மையால் அதற்கு இந்நோய் இல்லை. நாம் கட்டும் வீடுகளுக்கு உண்டு.

இதற்குப் பரிகாரம் கம்பியின் பருமனில் இல்லை. கலவையின் செறிவில் உள்ளது. அமெரிக்காவில் டப் ஏப்ரம்ஸ் என்பவர் 1918-இல் நிறுவிய விதி யாதெனில், காங்கிரீட்டின் வலிமை சிமெண்டுக்கு எத்துணைப் பங்கு நீர் சேர்த்தோம் என்பதைப் பொறுத்தது என்பதே. நீர் மிகுந்தால் கலவை வாகாக ஓடும். கொத்தனாருக்கும் சிற்றாளுக்கும் வேலை எளிது. ஆனால் மிகுந்த நீர் உலர்ந்தபின் விட்டுச் செல்லும் துளைகளே உப்பின் வாசல்கள். இந்தியத் தர நிர்ணயத்தார் 2000-இல் வகுத்த விதியின்படி, கடலோரக் காற்றுக்கு உட்பட்ட கம்பி காங்கிரீட்டு எம் 30 தரத்திற்குக் குறையலாகாது. ஒரு கனமீட்டரில் சிமெண்டு 320 கிலோவுக்குக் குறையலாகாது. நீர், சிமெண்டின் எடையில் 0.45 பங்கைக் கடத்தலாகாது. கம்பிக்கு மேல் 45 மில்லிமீட்டர் மூடல் வேண்டும். நம்மவர் வழக்கமாகக் கேட்கும் ஒன்றுக்கு ஒன்றரை, மூன்று என்னும் சட்டிக் கணக்கு எம் 20 தரமே தருவது. அது இக்கரைக்குப் போதாது. வார்த்தபின் ஒரு வாரமேனும், சாம்பல் கலந்த சிமெண்டாயின் பத்து நாளேனும் நீர் கட்டி ஈரம் காத்தல் அவசியம். மூன்றாம் நாளே சாக்கு உலர்ந்து கிடப்பதை யாம் பல இடங்களில் கண்டுள்ளோம். கேட்டால் தண்ணீர் லாரி வரவில்லை என்பர்.

கம்பியைப் பற்றியும் ஒன்று. இப்பொழுது விற்கும் டி.எம்.டி. கம்பி, ஆலையில் செங்கனலாக உருண்டு வரும்பொழுதே நீர்த்தாரையால் மேற்பரப்பு மட்டும் திடீரெனக் குளிர்விக்கப்பெற்று, உள்ளே எஞ்சிய சூட்டால் அம்மேற்றோல் தானே பதம் பெறுவது. ஆகவே வெளியே கடினமும் உள்ளே வளையும் குணமும் ஒருங்கே அமைந்திருக்கும். அதனை வேலையிடத்தில் எவரேனும் தீயிட்டு வளைத்தாலோ, கண்டபடி பற்றவைத்தாலோ, ஆலை கொடுத்த பதம் அவ்விடத்தில் அழிந்துவிடும். மலிவாகக் கிடைக்கும் பெயரில்லாக் கம்பியை வாங்குவோர், தர முத்திரையும், எஃப்இ 500 போன்ற தரக் குறியும் கம்பியின் மேலேயே புடைத்திருக்கின்றனவா என்று தடவிப் பார்ப்பது நலம். பழைய வீட்டில் பூச்சு பெயர்ந்த இடத்தில் வெறுஞ் சிமெண்டை அப்பி வெள்ளையடித்துப் போவோரை நம்பலாகாது. துருவை முற்றும் சுரண்டி, கம்பி தேய்ந்திருந்தால் புதுக் கம்பி இணைத்து, அதன் பின்னரே மூடவேண்டும். கீழே குழந்தைகள் உறங்குகின்றன.

கூடலூருக்கு மேற்கே லோயர் கேம்ப்பில் பென்னிகுயிக்கிற்குத் தமிழ்நாடு அரசாங்கத்தார் கட்டிய மணிமண்டபம் 2013 ஜனவரி 15-ஆம் தேதி திறக்கப்பட்டது. தேனிப் பேருந்து நிலையமும் அவர் பெயரைத் தாங்குகிறது. கம்பம் பள்ளத்தாக்கில் பிள்ளைகளுக்கு அவர் பெயரிடுவோர் உண்டு. தைப் பொங்கலை அடுத்துவரும் அவருடைய பிறந்த நாளில் பாலார்பட்டி முதலிய கிராமத்தார் அவருக்கென்று பொங்கலிடுகின்றனர். 2022-இல் அவர் இறுதியாக வாழ்ந்த கேம்பர்லியிலும் தமிழர் அவருக்கு ஒரு சிலை நிறுவினர். அவர் உடல் அதற்கு அணித்தான பிரிம்லி மாதாகோவிலின் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறது.